மாத்தளை வழிவந்த முன்னோர்

இல்வாழ்வான் பேணுதற்குரியோரை வரிசைப்படுத்தப் புகுந்த திருவள்ளுவர் தென்புலத்தாரை முதற்கண் வைத்தார். அம்மரபு பற்றியே, ஆடி அமாவாசையன்று நீர்க்கரையில் நின்று எள்ளும் நீரும் இறைப்பவன் தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் மூன்று தலைமுறையோரையும் பெயர் சொல்லி அழைக்கின்றான். பிறந்த ஊரிலேயே வழிவழியாக வாழும் குடும்பத்தாருக்கு அப்பெயர்கள் நாவில் எளிதில் வரும். நினைவூட்டப் பெரியோர் உளர், காணியுறுதிகள் உள்ளன, கோயிற் கணக்குகளும் திருமண எழுத்துகளும் உள்ளன.

மாத்தளை மாவட்டத்து மலைத்தோட்டங்களிற் பிறந்த ஒருவன் அவ்வாறு அழைக்கப் புகுமிடத்து நிலைமை வேறாகின்றது. தந்தையின் பெயர் தெரியும். பாட்டனின் பெயரும் பெரும்பாலும் தெரியும். கடல் கடந்து முதன்முதல் இங்கு வந்தவரின் பெயர் யாது, எவ்வூரிலிருந்து வந்தார், எந்த ஆண்டில் வந்தார் என வினவினால், 'இந்தியாவிலிருந்து வந்தவர்' என்ற ஒரு விடையே பல இல்லங்களிற் கிடைக்கும். ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றையுடைய ஒரு மக்கட் கூட்டத்தின் குடிவழி இங்ஙனம் இரண்டு மூன்று தலைமுறைக்கு அப்பால் இருளில் மறைவதற்குக் காரணம் யாது? அவ்விருள் அம்மக்களுக்கு விளைத்த தீங்கு யாது? அதனை நீக்க வழியுண்டா? இம்மூன்று வினாக்களையும் மாத்தளைப் பாதையின் வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதை

இலங்கையில் கோப்பிப் பெருந்தோட்டச் செய்கை 1820ஆம் ஆண்டுகளில் கம்பளைக்கு அண்மையில் தொடங்கியது. எட்வேட் பாண்ஸ் தேசாதிபதி அதனை ஊக்குவித்தார். 1830ஆம், 1840ஆம் ஆண்டுகளில் கண்டி, மாத்தளை மலைச்சாரல்களின் காடுகள் விரைந்து அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலுள்ள இறத்தோட்டை, கம்மடுவை, கந்தேநுவர, எல்கடுவை முதலிய பகுதிகள் தோட்டப் பகுதிகளாகப் பெயர்பெற்றன. அயற்கிராமத்துச் சிங்கள மக்கள் தமக்கென வயலும் சேனையும் உடையோராதலின், தோட்டத்தில் நிலையாகத் தங்கிக் கூலிவேலை செய்ய விரும்பினாரல்லர். ஆகவே துரைமார் தென்னிந்தியாவை நோக்கினர். மழை பொய்த்தலும் கடனும் சாதிக் கொடுமையும் நிலமின்மையும் வருத்திய திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டினர்.

திரட்டப்பட்டோர் இராமநாதபுரக் கரையை நடந்தே அடைந்தனர். அங்கிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அதன்பின் தொடங்கியது வடவழி எனப்பட்ட நெடும்பாதை. மன்னாரிலிருந்து வன்னிக் காட்டினூடாகவும் அநுராதபுரப் பகுதியினூடாகவும் சென்று, தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளையை அடைவதாகிய அப்பாதை ஏறத்தாழ 150 மைல் நீளமானது. மலேரியாக் காய்ச்சல் குடிகொண்ட காடு. கோடையில் நீர் வற்றிய குளங்கள். யானையும் கரடியும் உலாவும் வழி. சமைப்பதற்குரிய சட்டியையும் சிறிதளவு அரிசியையும் தலையிற் சுமந்துகொண்டு கூட்டங் கூட்டமாக நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் அவர்களோடு உடன் நடந்தன. நோயுற்றவரைச் சுமந்து செல்ல இயலாத கூட்டம் அவரை மரநிழலிற் கிடத்திவிட்டு முன்சென்றது. 1840ஆம் ஆண்டுகளில் மட்டும் எழுபதினாயிரம் பேர் வரை மாண்டிருக்கலாமென 1849இல் ஆங்கிலப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. அக்கணக்குத் திருத்தமானதா என்பது பற்றி வரலாற்றாசிரியர் கருத்து வேறுபடுவர். இழப்புப் பெரிது என்பதில் வேறுபாடு இல்லை. 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் வழிநெடுகத் தங்குமிடங்களும் கிணறுகளும் மருத்துவ நிலையங்களும் சிறிது சிறிதாக அமைக்கப்பட்டன.

வடக்கிலிருந்து வருவோர்க்கு மாத்தளையே மலைநாட்டின் வாயில். காட்டுவழி முடிந்து மனிதர் நடமாட்டமுள்ள ஊர் தொடங்குமிடம் அது. அங்கு இளைப்பாறிய பின்னரே கூட்டங்கள் பிரிந்து, சில மாத்தளைத் தோட்டங்களுக்கும், சில கண்டிக்கும் அதற்கப்பாலுள்ள மலைகளுக்கும் சென்றன. மாத்தளை நகரில் 1874இல் அமைந்ததாகக் கூறப்படும் முத்துமாரியம்மன் கோயில் இவ்வரலாற்றோடு பிணைந்தது. நோய் தீர்க்கும் தெய்வமாகிய மாரியை, நோய் நிறைந்த வழியைக் கடந்து உயிரோடு வந்தோர் முதலில் வணங்கியதில் வியப்பில்லை. மாசிமகத்தன்று அக்கோயிலில் ஐந்து தேர்கள் வீதிவலம் வரும் பெருவிழாவைக் காண மலையகம் முழுவதிலுமிருந்து அடியார் திரள்வர்.

கோப்பிக் காலத்து வரவைக் குடியேற்றம் என முற்றாகக் கூறிவிட முடியாது. அறுவடைப் பருவத்தில் வந்து, பருவம் முடிந்தபின் ஊர் திரும்பியோர் மிகப் பலர். ஒரே மனிதர் வாழ்நாளில் நான்கைந்து முறை இப்பாதையை நடந்திருக்கலாம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. தேயிலையும் கொக்கோவும் பின்னர் இறப்பரும் அதன் இடத்தைப் பெற்றன. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படவேண்டியது. அதன் பின்னரே பெண்களும் குழந்தைகளும் பெருந்தொகையினராக வந்து லயங்களில் நிலையாகக் குடியிருந்தனர். 1880இல் மாத்தளைக்குப் புகைவண்டிப் பாதை வந்தது. இந்தியாவிற் பரவிய கொள்ளைநோயைத் தடுக்கும்பொருட்டு 1899இல் வடவழி மூடப்பட்டது. தொழிலாளர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வந்தனர். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற் சேவையும் அதனோடிணைந்த புகைவண்டிச் சேவையும் தொடங்கவே கால்நடைக் காலம் பழங்கதையாயிற்று.

ஆகவே, ஒரு குடும்பம் தன் முன்னோர் வந்த வழியை அறிய விரும்பின், அவர் கோப்பிக் காலத்தவரா தேயிலைக் காலத்தவரா என்பதை முதலில் துணிதல் வேண்டும். 1899க்கு முன் வந்தவராயின் அவர் காட்டுவழியை நடந்து வந்திருத்தல் கூடும். 1914க்குப் பின் வந்தவராயின் புகைவண்டியில் வந்திருப்பார். 'காட்டு வழியே நடந்து வந்தார்கள்' என்று பாட்டி சொல்லும் ஒரு சொற்றொடர் அக்குடும்பத்தின் வரலாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்ல வல்லது.

பெயரும் இலக்கமும்

பெயர் மறைந்ததற்குக் காரணம் மறதி மட்டுமன்று. ஆட்களைத் திரட்டி நடத்திய முறையே தனிமனிதரின் பெயருக்கு இடமளிக்கவில்லை. துரையின் கணக்கிற் கங்காணியும் அவன்கீழ் இத்தனை ஆட்களும் என்றே கூட்டம் மதிக்கப்பட்டது. வழிச்செலவும் முற்பணமும் ஆளின் பெயரிற் கடனாகியது. வேறு தோட்டம் செல்ல விரும்புவோர்க்குத் 'துண்டு' என்னும் சீட்டு வழங்கப்பட்டது. அச்சீட்டு, செலுத்தவேண்டிய கடன் இவ்வளவு என்றும் அதனைச் செலுத்தினால் ஆளை விடுவிக்கலாம் என்றும் கூறிற்று. ஆள் யாருடைய மகன், எவ்வூரான் என்பன அதற்குத் தேவைப்படவில்லை. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1901இல் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தையும் ஆளையும் இலக்கங்களாற் குறிக்கும் சிறு தகரத் தகடு அது. கழுத்திலோ கையிலோ அதைக் கட்டிக்கொண்டு வந்தவர் வழியிற் செலவின்றி உரிய தோட்டத்தை அடையலாம். செலவு தோட்டத்தின் கணக்கிற் சேரும். பொதிகளை அனுப்புவதற்கு ஏற்ற முறை மனிதரை அனுப்புவதற்கும் பயன்பட்டது. இன்றும் சில இல்லங்களிற் பழம்பொருளாகப் பேணப்படும் அத்தகட்டைப் பார்ப்போர் அதில் இலக்கத்தையே காண்பர்.

தோட்டத்துச் செக்றோல் ஏட்டிற் பெயர்கள் எழுதப்பட்டது உண்மையே. ஆயினும் கருப்பன், முனியாண்டி, இராமன், மாரியாயி, மீனாட்சி என ஒரே பெயருடையோர் பலர். அப்பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிய கிளாக்கர் ஒவ்வோராண்டும் ஒவ்வொரு வகையாக எழுதினார். வீட்டில் வழங்கிய பெயர் ஒன்று. ஏட்டில் ஏறிய பெயர் வேறொன்று. பிள்ளையின் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயராக எழுதப்பட்டது மற்றொன்று. மலைநாட்டில் இவ்வாறு மூன்று பெயரோடு வாழ்ந்தவர் பலர். அக்காலத்தில் இதனால் யாதொரு தீங்கும் தோன்றவில்லை. தீங்கு 1948இல் தோன்றியது.

மூன்று தலைமுறை கேட்ட சட்டம்

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு தொகுதிகளில் வென்றது. அடுத்த ஆண்டு நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்த ஒருவர் பரம்பரை வழியாகப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். ஆடி அமாவாசையன்று அழைக்கப்படும் அதே மூவர். நீர்க்கரையில் பக்தியோடு கூறப்படும் பெயர்களை அரசு இப்பொழுது சான்றுப் பத்திரத்தோடு கேட்டது.

ஓர் உதாரணத்தால் இதன் கடுமை விளங்கும். 1928இல் இறத்தோட்டைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்த ஒரு தொழிலாளிக்கு 1948இல் வயது இருபது. அவன் தந்தை 1900ஆம் ஆண்டளவில் லயத்திற் பிறந்தவர் எனக் கொள்வோம். அவர் பிறப்பு ஒழுங்காகப் பதியப்பட்டு, பத்திரத்திற் பெயர் பிழையின்றி இருந்தால் மகன் பிரசை. பதியப்படாவிடின், அல்லது தாய் பேறுகாலத்துக்கு ஊர் சென்றதால் அவர் புதுக்கோட்டைச் சீமையிற் பிறந்திருந்தால், பாட்டனையும் பூட்டனையும் காட்டவேண்டும். பூட்டனோ கோப்பிக் காலத்தில் மன்னார்க் காட்டைக் கடந்து வந்தவர். இலங்கையிற் பிறந்தவராதல் இயலாது. இவ்வாறு மூன்று தலைமுறையாக இம்மண்ணில் உழைத்த குடும்பத்தின் இளைஞன் ஒரே நாளில் நாடற்றவனானான்.

1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. திருமணமானவர் 1946ஆம் ஆண்டு தொடங்குவதற்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது வதிந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்கள் 1951 ஆகஸ்ட் வரை ஏற்கப்பட்டன. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் வழியே எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரசாவுரிமை கோரினர். கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. ஓராண்டுக்கு மேல் இந்தியாவிற் தங்கியிருந்தமை, செக்றோலிலும் பதிவிலும் பெயர் வேறுபட்டிருந்தமை முதலியன விண்ணப்பம் தள்ளப்படுதற்குப் போதிய காரணங்களாயின. கிளாக்கரின் பேனா முனை செய்த பிழைக்குக் குடும்பம் முழுவதும் தண்டம் இறுத்தது. 1949இலேயே தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமை பறிக்கப்பட்டது. இதனை எதிர்த்துக் கோடகன்பிள்ளை என்பார் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தோல்வியுற்றது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணிக்கப்பட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். முன்னோர் வந்த வழியே பேரப்பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டனர். மாத்தளையிலும் கண்டியிலும் புகைவண்டி ஏறித் தலைமன்னாரில் இறங்கிக் கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தனர். மண்டபம் முகாமிலிருந்து நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி முதலிய இடங்களுக்கும் பிற மாவட்டங்களுக்கும் சிதறினர். தமையன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் எண்ணில. 1984இற் கப்பற் சேவை நின்றது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களே இங்கு எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்கின. 1948 முதல் 2003 வரை 55 ஆண்டுகள். ஒருவன் வாலிபனாக இழந்த உரிமையைப் பேரன் கண்டானென்றால் அதன் நீளம் புலனாகும்.

பெயர் பெற்ற முன்னோரும் பெயரற்ற முன்னோரும்

முன்னோரைத் தேடி மீட்டல் மாத்தளைக்குப் புதியதன்று. 1817–1818ஆம் ஆண்டு ஊவாக் கிளர்ச்சியின் தலைவனாகிய கெப்பெட்டிப்பொல திசாவை மாத்தளைப் பகுதிக் குடும்பமொன்றிற் தோன்றியவன். கிளர்ச்சியை அடக்குமாறு ஆங்கிலேயர் அவனை அனுப்பினர். அவனோ கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்துகொண்டான். 1818 நவம்பரில் கண்டியில் அவன் தலை துணிக்கப்பட்டது. ஹென்றி மார்ஷல் என்னும் படை மருத்துவர் அவன் மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுசென்றார். மண்டையோட்டின் வடிவைக்கொண்டு மனிதர் குணத்தை அளக்கலாம் எனக் கருதிய கழகமொன்றின் காட்சிச்சாலையில் அது வைக்கப்பட்டது. 1954இல் அது தாயகம் மீண்டு கண்டியில் நினைவுத்தூணின்கீழ் அடக்கம் பெற்றது. அவனையும் அவன் தோழரையும் துரோகிகள் எனப் பறைசாற்றிய பழைய அறிவித்தலை இலங்கை அரசு 2016இல் நீக்கியது. பெயர் தெரிந்த ஒரு முன்னோனுக்கு ஒரு நாடே வழித்தோன்றலாக நின்று செய்த கடன் அது.

கடலுக்கு அப்பாலும் இத்தகைய தேட்டம் உண்டு. வட அமெரிக்காவின் மினசோட்டாப் பகுதியில் வாழ்ந்த டக்கோட்டா மக்கள் 1862இல் ஐக்கிய அமெரிக்க அரசோடு போரிட்டுத் தோற்றனர். அவ்வாண்டு டிசம்பர் 26இல் மன்கேற்றோ என்னும் ஊரில் அவர்களுள் 38 பேர் ஒருங்கே தூக்கிலிடப்பட்டனர். அதற்கு முந்திய மாதம், பெண்டிரும் குழந்தைகளும் முதியோருமாகிய ஏறத்தாழ 1,700 பேர் சிறைமுகாமொன்றுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அடுத்த ஆண்டில் அவர்கள் தம் நாட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர். 140 ஆண்டுகள் கழித்து, 2002இல், அவர்தம் வழித்தோன்றல்கள் குடும்பங் குடும்பமாக அதே 150 மைல் வழியை நடந்தனர். ஒவ்வொரு மைலிலும் நின்று, முன்னோர் இருவரின் பெயர் எழுதிய கோலொன்றை நட்டு, அப்பெயர்களை உரத்து வாசித்தனர். சிறைப்படுத்தியோர் எழுதிவைத்த குடும்பத் தலைவர் பட்டியலே அதற்குத் துணையாயிற்று. பின்னரும் ஈராண்டுக்கு ஒருமுறை அந்நடை நிகழ்ந்தது.

மாத்தளைப் பாதையிலும் அத்தகைய நடை ஒன்று நிகழ்ந்துள்ளது. 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு மலையக மக்களின் இருநூறாம் ஆண்டு நினைவுகூரப்பட்ட 2023இல், 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் கூட்டமைப்பினர் ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, மன்னார், முருங்கன், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாவுல முதலிய ஊர்களினூடாக ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். ஏறத்தாழ 250 கிலோமீற்றர்; 16 நாள். தோட்டத் தொழிலாளரும் ஆசிரியரும் மாணவரும் சமயத் தொண்டரும் அதிற் பங்குகொண்டனர்; பிற இனத்தவரும் உடன் நடந்தனர். வேரை மீட்டலும் உரிமையை வெல்லலும் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டியன என்பது அந்நடையின் கருத்து. காணி, வீடு, நியாயமான ஊதியம், சம மதிப்பு என்பன அதன் வேண்டுகோள்களுள் அடங்கின.

இரு நடைகளும் ஒத்தன; ஒரு வேறுபாடும் உண்டு. டக்கோட்டா மக்களுக்கு மைலுக்கு இரு பெயர் வாசிக்கக் கிடைத்தன. மன்னாருக்கும் மாத்தளைக்கும் இடையில் வீழ்ந்தோருக்கு அவ்வாறு வாசிக்கத்தக்க பட்டியல் இல்லை. அவர்களைச் சிறைப்படுத்தியோர் எவருமிலர். பெயர் எழுதவேண்டிய தேவையும் எவருக்கும் இருக்கவில்லை. கெப்பெட்டிப்பொலவின் எலும்பு காட்சிச்சாலையில் இருந்தது, ஆதலின் மீண்டது. இவர்தம் எலும்புகள் காட்டு மண்ணோடு கலந்தன. 2023இல் நடந்தோர் தம் பூட்டன்மாரைப் பெயர் சொல்லி அழைக்க இயலாமையால், நடந்தே அவர்களை நினைந்தனர்.

தேடும் வழி

இருள் முழுமையானதன்று. முறையோடு தேடும் குடும்பத்துக்கு நால்வகைச் சான்றுகள் உதவும்.

முதலாவது குலதெய்வம். ஊர்ப்பெயரை மறந்த குடும்பமும் குலதெய்வத்தின் பெயரை எளிதில் மறப்பதில்லை. பொன்னர் சங்கர், மதுரைவீரன், கருப்பண்ணசாமி, அங்காளம்மன் என்று எத்தெய்வத்துக்குப் படையல் இடப்படுகின்றது, தெய்வத்தின் பெயரோடு எவ்வூர்ப் பெயர் சேர்த்து வழங்குகின்றது, பூசைக்கு எடுத்து வந்த பிடிமண் எங்கிருந்து வந்தது என்பவற்றை முதியோரிடம் கேட்டறிந்தால் பூர்வீக ஊரின் திசை தெரியவரும்.

இரண்டாவது வாய்மொழி. ஒப்பாரியிற் பெண்கள் இறந்தோரின் ஊரையும் உறவையும் பெயர் சொல்லிப் புலம்புவர். எழுதப்படாத குடிவழி நூல் அது. தோட்டங்களுக்குத் தமிழ்மக்கள் இட்டு வழங்கும் பெயர்களும், மணவுறவு எத்தோட்டத்தாரோடு என்பதும், எப்பெரிய கங்காணியின் கூட்டத்தார் என்பதும் வாய்மொழியாகவே அறியத்தக்கன. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தமையால் அவை அழியாது எஞ்சின. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு என ஊர்ப்பெயரைத் தம் பெயரின்முன் பூண்ட எழுத்தாளர், முன்னோர் வந்திறங்கிய இடத்தையே தம் முகவரியாக்கினர்.

மூன்றாவது பத்திரம். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள், தோட்டப் பள்ளியின் சேர்விடாப்பு, தகரச் சீட்டு, பிரசாவுரிமை விண்ணப்பப் படி, தாயகம் திரும்பியோரின் குடும்ப அட்டை ஆகியவற்றை ஒருசேர வைத்து ஒப்புநோக்க வேண்டும். பெயர் எழுத்துக் கூட்டலில் வேறுபட்டால் உடனே தள்ளிவிடலாகாது. அதிகாரிகள் அன்று செய்த பிழையை ஆராய்வோர் இன்று செய்தல் கூடாது. மக்களைத் தள்ளிவைப்பதற்காகத் தொகுக்கப்பட்ட விண்ணப்பக் கோவைகளே அம்மக்களின் குடும்ப வரலாற்றைப் பிறிதெங்குமில்லா வகையில் விரிவாகத் தாங்கியிருத்தல் கூடும். ஆயின் பத்திரம் எளிதில் அழிவது. 1983 ஜூலைக் கலவரத்தில் மாத்தளையில் தமிழர் வீடுகளும் கடைகளும் முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டன. எரிந்த வீடுகளில் எரிந்த பத்திரங்களை மீட்டெடுக்க வழியில்லை. எஞ்சியவற்றை உடனே படியெடுத்தல் கடமை.

நான்காவது கோயில். உபயகாரர் பெயர் பொறித்த மணியும் விளக்கும் கல்லும், திருவிழா உபய வரிசையும் எத்தோட்டத்தார் எக்காலத்தில் இருந்தனர் என்பதற்குச் சான்று பகரும். தோட்டத்துச் சிறு மாரியம்மன் கோயில்களையும் பழைய இடுகாட்டுக் கற்களையும் இவ்வகையிற் பார்வையிடல் வேண்டும்.

இத்தேட்டம் ஒருதிசைப்பட்டதன்று. நீலகிரியின் தேயிலைத் தோட்டத்திற் பிறந்த ஒரு பெண் தன் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடுவாளாயின், அவளுக்குக் கிடைக்கும் முதல் ஊர்ப்பெயர் இறத்தோட்டையாகவோ எல்கடுவையாகவோ இருக்கும். அவள் பாட்டனுக்குப் பிறந்த மண் மாத்தளை. ஆகவே மாத்தளையில் எழுதப்படும் ஒவ்வொரு குடிவழியும் கடலின் இருகரைக் குடும்பங்களுக்கும் உதவும்.

மேற்கூறிய சட்டத்தின் குறை ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. அது தந்தைவழியை மட்டுமே நோக்கியது. தேயிலைக் காலத்தில் விடியுமுன் எழுந்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலையேறிக் கொழுந்து பறித்தவள் பாட்டி. அவள் எவ்வூரிற் பிறந்தாள் என்று சட்டம் கேட்கவில்லை. குடும்பங்களும் கேட்காது விடுமாயின் வரலாற்றின் செம்பாதி இழக்கப்படும். இறந்த தாயையும் பாட்டியையும் பூட்டியையும் அழைத்து நீர் இறைக்கும் மரபு சடங்கில் உண்டு. குடிவழி எழுதுவோர்க்கும் அதுவே முறையாதல் தகும்.

கல்லூரி மாணவர் விடுமுறையில் வீடு செல்லுங்கால் முதியோர் அருகில் அமர்ந்து, தந்தைவழி மூவர் பெயரையும் தாய்வழி மூவர் பெயரையும், அவர் பிறந்த ஊரையும், குலதெய்வத்தையும், முதலில் வேலைசெய்த தோட்டத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுவாராக. தெரியாத இடத்தை வெற்றிடமாக விட்டு, மற்றோர் உறவினரிடம் கேட்டு நிரப்புவாராக. முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். எழுதுதற்குரிய காலமும் அவரோடு குறைகின்றது. அவ்வாறு ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்பட்ட ஏடுகள் ஓரிடத்திற் சேருமாயின், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை இனி நடப்போர் மைலுக்கு இரு பெயரேனும் வாசித்துச் செல்லலாம்.